இடப்பக்கம் போன அம்புகள்

தச்சு வேலைக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்பது திண்டிவனம் முழுக்கத் தெரிந்த சங்கதி. வெள்ளிக்கிழமை கதவு வந்துவிடும் என்பார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் பால் காய்ச்சி, குடிவந்து, முதல் கரண்டு பில்லையும் கட்டி முடித்த பிறகு, ஒருநாள் சாவகாசமாகக் கதவு வந்து இறங்கும். இந்தக் கூட்டத்தில் ஆரோக்கியராஜ் ஒருவன்தான் விதிவிலக்கு. வியாழன் என்று சொன்னால் புதன் சாயந்திரமே கதவை நிலையில் மாட்டிவிட்டு, கீல் கத்துகிறதா என்று நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவான். அதனால் அவன் வாயிலிருந்து வருகிற வார்த்தையை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவன் மனைவி பிரபாவதி சந்தேகப்படவே மாட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

பிரபாவதி ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். முப்பத்தெட்டு வயது. ஒரே மகள் இளவரசி வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அந்த மகள் பிறந்ததிலிருந்தே பிரபாவதிக்குச் சர்க்கரை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மைதானத்தில் ஓடுகிறவளுக்குச் சர்க்கரை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. மாத்திரையைப் பாதி நாள் மறந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, திரை போட்டது மாதிரி ஆகிவிட்டது. பாண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா ஆரோக்கியராஜை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வலது கண்ணில் பார்வை இனி வராது. வெளிச்சம் இருட்டு மட்டும் கொஞ்சம் தெரியலாம். இடது கண்ணிலும் அதே கோளாறு தொடங்கியிருக்கிறது. அதைக் காப்பாற்ற முடியும். மாதம் ஒரு தடவை வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். லேசாக மங்கினாலும் அன்றைக்கே கூட்டி வந்துவிட வேண்டும்.

"அவங்ககிட்ட நான் பேசட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேணாங்க மேடம். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றான் ஆரோக்கியராஜ்.

அந்த நிமிடம் வரைக்கும் சொல்லத்தான் நினைத்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாமியார் சவுரியம்மாளுக்குப் போன் செய்தான். அங்கேதான் கெட்டது. பிரபாவதியின் அப்பாவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தவர்தான், பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். கட்டி கொல்லவில்லை, சொன்ன சொல்தான் கொன்றது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு.

"அவ அப்பன் மாதிரியே அவளும். தாங்க மாட்டாப்பா" என்று சவுரியம்மாள் போனிலேயே அழுதாள். "நல்லாயிடும்னு சொல்லு. சாமி பாத்துக்கும். உன் வாயால அந்த வார்த்தைய சொல்லிடாத."

ஆரோக்கியராஜ் வார்டுக்குத் திரும்பினான். கட்டுப் போட்ட கண்ணோடு பிரபாவதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஆறு மாசம் ஆவுமாம். கொஞ்சம் கொஞ்சமா தெளியும்னு சொன்னாங்க. இடது கண்ணுல ஒண்ணும் இல்ல. சும்மா பாதுகாப்புக்கு ஊசி போடணுமாம்."

"அப்பாடா" என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வரவும் நான் பயந்தே பூட்டேன்."

முதல் பொய் சொல்கிறவனுக்குத்தான் பொய் எவ்வளவு சுலபம் என்று தெரியாது. சொல்லிவிட்டு அவனே அசந்துபோனான்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஊசிக்கு ஒழுங்காகப் போனார்கள். ஆகஸ்டு ஊசிக்குப் போய்விட்டு வந்த பஸ்ஸில்தான் அவள் வில் பேச்சை எடுத்தாள். பிரபாவதி பதினேழு வயதில் மரவில் போட்டியில் மாநில அளவில் மூன்றாவதாக வந்தவள். கல்யாணம், பிள்ளை, வேலை என்று அது எங்கேயோ போய்விட்டது. இப்போது பொங்கல் கழிந்து விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்களாம். மரவில்லுக்கும் தனிப் பிரிவு உண்டாம்.

"அதுக்குள்ள கண்ணு தெளிஞ்சிடும் இல்ல? ஆறு மாசம்னா டிசம்பரு. எனக்கு ஒரு வில்லு பண்ணிக் குடுங்க. ஊருக்கெல்லாம் கதவு பண்றீங்க, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு குச்சி வளைச்சிக் குடுக்க மாட்டீங்களா?"

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே, தகரக் கொட்டகையில். பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தபோது வாங்கிப் போட்ட, கூரையைத் தாங்கின பனங்கைமரம் அங்கே கிடந்தது. கறுத்து, வைரம் பாய்ந்த மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதை நெடுக அறுத்து ஒரு பாதியை எடுத்தான். அவள் உயரத்துக்கு அளந்தான். நடுவில் பிடிக்கு ஒரு சாண் நீளம் தடிமனாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் நுனியை நோக்கி இழைத்துக்கொண்டே போனான். மீன்வலை நூலை முறுக்கி நாண் திரித்தான். சுவரில் அடித்த கட்டையில் பிடியை மாட்டி, நாணைக் கீழே இழுத்துப் பார்த்தான். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுபோல வளைய வேண்டும். விறைத்து நிற்கிற இடத்தில் இரண்டு இழைப்பு, மறுபடி இழுப்பு. இப்படியே பத்து நாள். கதவு செய்கிறவனுக்கு வளைகிற மரம் புதுசு. ஆயுசு முழுக்க மரம் வளையக் கூடாது என்றுதானே பாடுபட்டான்!

கடைசியில் ரெஸ்ட் வைக்கிற வேலை வந்தது. பிடிக்கு மேலே அம்பு உட்காருவதற்கு ஒரு சின்னத் தட்டு வேண்டும். அதைத்தான் ரெஸ்ட் என்பார்கள். இல்லாவிட்டால் அம்பைக் கை முட்டியின் மேல் வைத்துத்தான் விட வேண்டும், இறகு தோலைக் கிழித்துவிடும். அந்தத் தட்டு எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வலது கண்ணால் குறி பார்க்கிறவர்கள் வில்லை இடக்கையில் பிடிப்பார்கள். அவர்களுக்கு ரெஸ்ட் இடப்பக்கம். இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். வில் வலக்கையில், ரெஸ்ட் வலப்பக்கம். ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான்.

இதையெல்லாம் அவள்தான் சொன்னாள், ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே. ஆரோக்கியராஜ் கையில் ரம்பத்தை வைத்துக்கொண்டு நின்றான். சொல்வதற்கு ஒரு நேரம் உண்டென்றால் அதுதான்.

"பிரபா... ரெஸ்ட்டு எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

அவள் சிரித்துவிட்டாள். "இது ஒரு கேள்வியா? நான் இன்னா பீச்சாங்கையா? இடப்பக்கம்தான்."

அவன் இடப்பக்கம் கோடு போட்டான். ரம்பத்தை வைத்து அறுத்தான். தன் கையைத் தானே அறுப்பது மாதிரி இருந்தது என்று பின்னால் சிநேகிதன் குமரேசனிடம் சொன்னான். சொல்லி என்ன பிரயோஜனம்?

வீட்டுக்குப் பின்னால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கின நிலம் சும்மா கிடந்தது. வைக்கோல் பிரியைச் சுருட்டித் தைத்து, மேலே வட்டம் வரைந்த தாளை ஒட்டி, பதினைந்து அடி தள்ளி நிறுத்தினார்கள். பிரபாவதி காலை அகட்டி நின்று, நாணைத் தாடை வரை இழுத்தபோது ஆரோக்கியராஜுக்கு மயிர் கூச்செறிந்தது. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பிரபாவதியை அவன் பார்த்ததில்லை.

அம்பு வட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் போய் மண்ணில் குத்தியது. அடுத்ததும் இடப்பக்கம். பத்து அம்பு விட்டாள். பத்தும் ஒரே மாதிரி இடப்பக்கமே போயின. கூட்டமாகப் போய் ஒரே இடத்தில் குத்தியிருந்தன. கை நடுங்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். கை சரியாகத்தான் இருந்தது. நாண் வலது கண்ணுக்குக் கீழே, பார்வை இடது கண்ணிலிருந்து. அம்பு வேறு எங்கே போகும்?

அவனுக்கு அது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. புரியாதபடிதான் அவன் செய்து வைத்திருந்தானே.

"பிடி தடிமனா இருக்குதுங்க" என்றாள் அவள், வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "அம்பை வெளிய தள்ளி வுடுது. ரெஸ்ட்டை இன்னும் உள்ள தள்ளி வெட்டணும்."

"ஆமாமா" என்று அவன் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டான். "என் தப்புதான். எனக்கு இன்னா தெரியும் வில்லைப் பத்தி? நாளைக்கே சரி பண்ணிடறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிடியை இன்னும் கொஞ்சம் உள்ளே வெட்டினான். தட்டின் மேல் பழைய பெல்ட்டுத் தோலை ஒட்டினான். அம்பு இடப்பக்கம். தோல் கெட்டியாக இருக்கிறது என்று அதைப் பிய்த்துவிட்டு மெல்லிய துணியை ஒட்டினான். இடப்பக்கம். பழைய டூத் பிரஷ்ஷின் நாரை வெட்டி நட்டு, அதன் மேல் அம்பை உட்காரவைத்தான். இடப்பக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் அம்பு விடுவாள். திங்கட்கிழமை காலையில் அவன் அரத்தை எடுப்பான். "எங்க வூட்டுக்காரருக்கு ஜன்னலு கதவுதான் லாயக்கு" என்று அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் கிண்டல் செய்தாள். அவனும் கேட்டுச் சிரித்துக்கொண்டான். தன் வேலையில் ஒரு குறை சொன்னால் ராத்திரி சோறு இறங்காத மனிதன், ஊர் முழுக்க மட்டமான வேலைக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டான். கண் மேல் வரவேண்டிய பழியை மரத்தின் மேல் போட்டு, அந்தப் பழியைத் தானே சுமந்துகொண்டதில் அவனுக்கு ஒரு திருப்தி வேறு. பாசம் என்று நினைத்துக்கொண்டான். என்னைக் கேட்டால் கோழைத்தனம் என்பேன்.

செப்டம்பர் ஊசிக்கு நாள் வந்தபோது பள்ளிக்கூடத்தில் வட்டார விளையாட்டுப் போட்டி. அக்டோபரில் கேட்டான்.

"சும்மா பாதுகாப்புக்குத்தானங்க? அதான் நல்லா இருக்குதே. கபடி டீமை வுட்டுட்டு நான் பாண்டிக்குப் போய்க் குந்திக்கினு இருக்கணுமா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

வலுக்கட்டாயமாகக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "சரி, அடுத்த மாசம் கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். நவம்பரில் மழை. ஒரு வாரம் ரோடெல்லாம் தண்ணீர். அதுவும் போயிற்று. சர்ச்சுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடது கண்ணுக்காகத் தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். ஏற்றிவிட்டு வந்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் குமரேசன் பட்டறைக்கு வந்தான். இவன் செய்கிற கதவுகளுக்கெல்லாம் பாலிஷ் போடுகிறவன். சின்ன வயசுச் சிநேகிதன், வாய் சும்மா இருக்காத ஆள். ஆரோக்கியராஜ் நாலாவது தடவையாகப் பிடியைக் குடைந்துகொண்டிருந்தான்.

"டேய், இன்னும் எவ்ளோடா நோண்டுவ? சுண்டு வெரலு தடிமன்தான் பாக்கி கீது" என்று குமரேசன் வில்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். வேடிக்கையாக ஓர் அம்பை வைத்து இழுத்து விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக வில்லைத் தொடுகிறவன். அம்பு போய் நேராக வட்டத்துக்கு நடுவே குத்தி நின்றது. இன்னொன்று விட்டான். அதுவும் அதற்குப் பக்கத்திலேயே குத்தியது.

"இன்னாடா கோளாறு இதுல? கத்தி மாதிரி போவுது!"

ஆரோக்கியராஜ் ஓடிப்போய் அம்புகளைப் பிடுங்கினான். தாளில் விழுந்த ஓட்டைகளைக் கட்டைவிரலால் தேய்த்து மூடப் பார்த்தான். திரும்பி வந்தவன் மரத்தூள் மேலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஜூன் மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அன்றைக்குக் குமரேசனிடம் கொட்டியது.

கேட்டு முடித்த குமரேசன் வில்லைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு, "சொல்லிட்றா" என்றான். "அவங்க டீச்சரு. நீ நெனக்கிற மாதிரி கொழந்த இல்ல."

"அவங்க அப்பா..."

"அவங்க அப்பா அறுவத்தஞ்சி வயசு ஆளு, ஈரலு பூடுச்சி. நீ சொல்லாம இருந்தா மட்டும் பொழச்சிருப்பாரா? பேஜாரு புடிச்சவனே, சொல்லுடா."

குமரேசன் சொன்னதற்காக அவன் சொல்லவில்லை. மரம் சொன்னதற்காகத்தான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரபாவதி நாணை இழுத்தபோது பிடியிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தது. இனி ஒரு தடவை அரம் போட்டால் இழுக்கும்போது பிடி அவள் முகத்திலேயே ஒடியும். வெட்டுவதற்கு இனி மரம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெண்ட் காலம் தொடங்கியிருந்த நேரம். வாசலில் ஸ்டார் கட்டியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அவன் சொல்லிவிட்டான். வலது கண்ணில் பார்வை இனி வராது என்று. டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார் என்று. ரெஸ்ட்டில் ஒரு கோளாறும் இல்லை என்று.

சொன்னானே தவிர, முழுசாகச் சொன்னானா? இல்லை. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஒரே நாளில் இரண்டையும் சொன்னால் தாங்க மாட்டாள் என்று விழுங்கிவிட்டான். "நாளைக்கு ஸ்கூல்ல விளையாட்டு விழா இருக்குது, அதுக்கு அடுத்த திங்கக்கெழம ஊசிக்குப் போயே ஆவணும்" என்று மட்டும் சொன்னான். இந்த மனுஷனை என்னதான் செய்வது!

பிரபாவதி அழவில்லை. தட்டில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கு. உங்க அம்மாவுக்கு. அப்புறம்... கொமரேசனுக்கு."

"கொமரேசண்ணனுக்குக் கூட தெரியும்" என்றாள் அவள். "எனக்குத் தெரியாது. என் கண்ணு, எனக்குத் தெரியாது. மூணு மாசமா ரெஸ்ட்டு மேல, ரெஸ்ட்டு மேலன்னு நான் பைத்தியக்காரி மாதிரி..."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். சாப்பிட்டாளா என்பதை மட்டும் அவன் களவாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாள். அவள் அப்பா செய்தது மாதிரி தட்டைத் தள்ளி வைக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சவுரியம்மாள் மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேல்.

நாலாவது நாள் காலையில் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மீதி பாதி மரம் இருக்குதுல்ல?"

"இருக்குது."

"வலப்பக்கம் ரெஸ்ட்டு வெச்சி ஒண்ணு பண்ணிக் குடுங்க. இடது கண்ணால பாத்து வுட்டா எப்படின்னு பாக்கறேன். புதுசா கத்துக்கணும். ஒரு மாசத்துல ஆவுமான்னு தெரியல."

அவனுக்குக் காலில் விழலாம் போல இருந்தது. வாங்கின வேலையெல்லாம் அப்படியே கிடக்க, கிளியனூர்க்காரர் ஒருவர் நிலைக்கதவுக்குப் போன் மேல் போன் அடிக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக "வர்ற வெள்ளிக்கெழம" என்று அவரிடம் எல்லாத் தச்சர்களையும்போலச் சொல்லிவிட்டு, ராப்பகலாக அந்த வில்லில் உட்கார்ந்தான். முதல் வில்லில் செய்த தப்பெல்லாம் இதில் இல்லை. பிடி கைக்கு அடக்கமாக வந்தது. வலப்பக்கம் தட்டு வெட்டினான். பெல்ட்டுத் தோலா, துணியா, நாரா என்று ஒவ்வொன்றாக வைத்து, அவளுடைய அம்பையே உட்காரவைத்து, விரலால் தள்ளிப் பார்த்து, கடைசியில் மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி ஒட்டினான். உப்புத்தாள் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவினான். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் வில் தயார். இரண்டு நாள் கழித்தால் அவன் சொன்ன திங்கட்கிழமை. ஊசிக்குப் போகும் பஸ்ஸில் அவளிடம் மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்திருந்தான். இந்தத் தடவை உண்மையாகவே தீர்மானித்திருந்தான்.

வைக்கோல் பலகையில் புதுத் தாள் ஒட்டினான். அவள் வில்லை வலக்கையில் வாங்கிக்கொண்டாள். பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குது" என்றாள். ஒரு வாரம் கழித்து அவனிடம் பேசின முதல் நல்ல வார்த்தை. அவனுக்குக் கண் கலங்கியது.

அம்பை வலப்பக்கத் தட்டில் வைத்தாள். இடக்கையால் நாணை இழுத்தாள். பழக்கமில்லாத கை. அப்படியே நின்றாள். விடவில்லை. வில்லைத் தாழ்த்தினாள். மறுபடி தூக்கினாள், இழுத்தாள், நின்றாள், தாழ்த்தினாள்.

"கை வலிக்குதா? மொதல்ல அப்படித்தான் இருக்கும். மெதுவா..."

"கை இல்லங்க."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பலகை இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போர்டு தெரியுது. வட்டம் தெரியல" என்றாள். "நடுவுல மஞ்சளா வரைஞ்சிருக்கீங்களா? எல்லாம் ஒண்ணா தெரியுது."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"மழ பேஞ்சிதே, அப்பலேர்ந்து. மொதல்ல கொசு பறக்கற மாதிரி. அப்புறம் கொசுவல போட்டாப்புல." அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "ரெஸ்ட்டு கோளாறுன்னு நீங்க சொல்லிக்கினே இருந்தீங்க, அதனாலதான் குறி தெரியலன்னு நானும் இருந்துட்டேன். அப்புறம் தோணுச்சி, ரெஸ்ட்டுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு. சொல்லலாம்னு பாத்தேன். நீங்க குந்தி குந்தி அந்த மரத்த செதுக்கிக்கினு இருந்தீங்க. கண்ணுன்னு சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இல்லை. இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர், மற்றவர் தாங்க மாட்டார் என்று ஆளுக்கொரு கண்ணை ஒளித்து வைத்திருந்தார்கள். மூன்று மாத ஊசி போயிருந்தது. அவன் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது.

"பிரபா, நான் இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றான். "இந்தக் கண்ணுலயும் ஆரம்பிச்சிடிச்சின்னு அன்னைக்கே சொன்னாங்க. மங்கலா தெரிஞ்சா அன்னைக்கே வரணும்னாங்க. ஊசி பாதுகாப்புக்கு இல்ல. இதுக்குத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஓவென்று அழுதான். பக்கத்து நிலத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு அழுதான்.

"அழுதா நேரமாவும்" என்றாள் பிரபாவதி. "பாண்டி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"இப்பவே... இப்பவே போலாம், வண்டிய எடுக்கறேன்."

"இருங்க. ஒண்ணே ஒண்ணு வுட்டுட்டு வர்றேன்."

"பிரபா, வேணாம்..."

"ஒண்ணுதான். வர்றப்ப எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நீங்க பின்னால நின்னு சொல்லுங்க."

அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். மஞ்சள் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அவனுக்கு மட்டும் தெரிந்தது. அவள் நாணை இழுத்தாள்.

"கொஞ்சம் மேல. இன்னும் துளி. வலப்பக்கம்... போதும். போதும், அதான்."

விட்டாள். நாண் அதிர்ந்தது. அம்பு பலகையின் ஓரத்தை உரசிக்கொண்டு போய்ச் செடிக்குள் விழுந்தது.

"எங்க பட்டுச்சி?" என்று கேட்டாள் அவள். முகத்தை அவன் பக்கம் திருப்பியிருந்தாள். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.

பட்டது, மஞ்சளுக்குப் பக்கத்தில் பட்டது என்று சொல்ல நாக்கு எழுந்தது. அது பழகின நாக்கு. அவன் அதைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

"படல பிரபா" என்றான். "வெளிய போயிடிச்சி."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

அவள் நாணைக் கழற்றினாள். வில்லை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மல்லாட்டை பிடுங்கின நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் அவன் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் கேட்டுக் கேட்டுக் கால் வைத்தாள்.